கணவர் கடலில் விழுந்துவிட்டால் படகை யார் நிறுத்துவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனை ஆலையில் போர்மேன். லுமுட்டில் ஒருவரிடமிருந்து 31 அடி பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். ஆகஸ்ட் மாதம் பினாங்கு வழியாக லங்காவி வரை போய்வரத் திட்டம். கணவர், இவர், 15 வயது மகன், மூன்றே பேர். "எனக்கு நீச்சலும் தெரியாது, படகு ஓட்டவும் தெரியாது. நடுக்கடலில் அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

போகலாம் சகோதரி. சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இருபது வருடத்துக்கும் மேலாகப் படகுப் பட்டறையிலும் படகுகளை ஊர் விட்டு ஊர் கொண்டு சேர்ப்பதிலும் காலம் போயிருக்கிறது. குடும்பமாகக் கிளம்புகிற படகுகளில் என்னைப் பயமுறுத்துவது ஒன்றுதான்: எல்லாம் தெரிந்தவர் ஒருவர், ஒன்றும் தெரியாதவர்கள் மற்றவர்கள். அந்த ஒருவர் தண்ணீரில் விழுந்தால் படகு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகஸ்டுக்குள் நீங்கள் மாலுமி ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் படகை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கணக்கைப் பாருங்கள். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். ஒரு மீட்டர் அலை இருந்தால் அந்தத் தூரத்தில் ஒரு மனிதத் தலை கண்ணுக்கே அகப்படாது. அதனால் அவர் விழுந்த நொடியில் குதிரைலாட மிதவையைத் தூக்கி எறியுங்கள். மகனுக்கு ஒரே வேலை, அப்பாவை நோக்கிக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது. கயிறு பிடிக்கக்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது. ஜி.பி.எஸ். கருவியில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தான் இருக்கும். அது எங்கே என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து நீங்கள் சுக்கான் சக்கரத்தைக் காற்று வரும் பக்கமாகத் திருப்புங்கள். படகு காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பும். முன்பாயின் கயிற்றை மட்டும் தொடாதீர்கள், அவிழ்க்காதீர்கள். காற்று அந்தப் பாயைப் பின்னுக்குத் தள்ளும், படகு தடுமாறி வேகம் இழக்கும். இப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே சக்கரத்தை முழுதாகத் திருப்பிக் கட்டிவிடுங்கள். படகு நின்ற இடத்திலேயே மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். முதல் தடவை இதைச் செய்து பார்ப்பவர்கள் முகத்தைக் கவனித்திருக்கிறேன். அவ்வளவு சத்தமும் சாய்வும் ஒரேயடியாக அடங்கும்போது ஒரு நிம்மதி வரும். இதைப் பகலில் ஐந்து முறை, கண்ணை மூடினாலும் வரும்வரை பழகுங்கள்.

நின்ற படகில் ஏற்றுவதுதான் பெரிய பாடு. நனைந்த சட்டையோடு 80 கிலோ ஆளை உங்கள் இருவர் கையால் தூக்க முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். பெரிய பாயை மேலே ஏற்றும் கயிறு இருக்கிறதே, அதன் கொக்கியைப் பாயிலிருந்து கழற்றி அவருடைய உயிர்காப்புச் சட்டையின் வளையத்தில் மாட்டுங்கள். பிறகு விஞ்சை, அதாவது கயிறு இழுக்கும் உருளையை, சுற்றினால் ஆள் தானாக மேலே வருவார். கயிறு கீழே வரை எட்டுமா என்று முன்பே பாருங்கள், எட்டாவிட்டால் ஒரு துண்டுக் கயிறு சேர்த்து வைத்திருங்கள். எஞ்சினை ஓட்டி அவரை நெருங்க வேண்டியிருந்தால், தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகே கியர் போடுங்கள். பக்கத்தில் வந்ததும் கியரை எடுத்துவிடுங்கள்.

பழகுவதற்கு 20 லிட்டர் தண்ணீர் டின் இரண்டை, கொஞ்சம் காற்று விட்டு நிரப்பி, ஒரு வலைப்பையில் கட்டிக் கடலில் போடுங்கள். மிதக்கும்போது இலேசாகத் தெரியும். தூக்கும்போது 40 கிலோ என்ன கனம் என்று கை சொல்லும். லுமுட் முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும், அதனால் ஏற்றவற்றம் மாறும்போது ஓட்டம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள்.

அவர் விழாமல் இருப்பதற்கும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். இருட்டினால் உயிர்காப்புச் சட்டையும் படகோடு பிணைக்கும் இடுப்புக் கயிறும் இல்லாமல் யாரும் முன்பக்கம் போகக் கூடாது. கூச்சப்படாமல் சொல்கிறேன், படகு ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கவும் கூடாது. உங்களுக்கு 150 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. பின்காற்றில் போகும்போது பெரிய பாயின் அடிக்கட்டை திடீரென்று எதிர்ப்பக்கம் வீசும், மண்டையை உடைக்கும். அந்த நேரம் தலையைத் தாழ்த்தியே இருங்கள், கட்டையை முன்பக்கம் இழுத்துக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் என்பதால் சுமத்ராக் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும், மேற்கிலிருந்து வரிசையாக வரும் புயல்மழை அது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியுமுன் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. என் அப்பா நான்கு மணிக்கு எழுந்து லயத்து வாசலில் நின்று மேற்கைத்தான் பார்ப்பார். நீங்களும் அதையே செய்யுங்கள். மேற்கில் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நங்கூரத்தை எடுக்காதீர்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் கறுத்த மேகம் வில்போல வளைந்து தாழ வரும், குளிர்காற்று முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு நிமிடக் கணக்குதான். பாய்களை இறக்கிக் கட்டி, எஞ்சினைப் போட்டு, கதவுகளை மூடி, எல்லாரும் இடுப்புக் கயிறு மாட்டிக்கொள்ள வேண்டும். பயத்தில் கரையைப் பார்த்து ஓடத் தோன்றும், ஓடாதீர்கள். மேற்குக் காற்று பேராக் கரையை நோக்கித்தான் தள்ளும், கரைதான் அப்போது எதிரி. கடலிலேயே இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாண்டிப் போய்விடும். இதே காரணத்தால் பங்கோரில் தெலுக் நிப்பா பக்கம் இரவு தங்க வேண்டாம். அழகான கடற்கரைதான், ஆனால் மேற்கே திறந்து கிடக்கிறது. தீவின் கிழக்குப் பக்கம் நங்கூரம் போடுங்கள்.

பங்கோரிலிருந்து பினாங்கு சுமார் 70 கடல் மைல். 5 நாட் வேகத்தில் 14 மணி நேரம், ஆக எப்படிக் கிளம்பினாலும் ஒரு முனையில் இருட்டு இருக்கும். தெரிந்த இடத்து இருட்டு தேவலாம் என்பது என் கருத்து. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் சூரியன் மறைவதற்குள் பினாங்கின் தென்முனையைப் பிடிக்கலாம். அங்கிருந்து லங்காவிக்குப் பகல் பயணமாகவே போகலாம்.

இருட்டைத் தவிர்க்கச் சொல்வது வலைகளுக்காகத்தான். ஒரு முறை பினாங்குக்குத் தெற்கே, இன்னும் விடியவில்லை, எஞ்சின் சத்தம் திடீரென்று கனத்தது. அடுத்த நொடி கியரை எடுத்துவிட்டேன். தண்ணீருக்கடியில் படகை உந்தும் விசிறியில் கயிறு சுற்றியிருந்தது. காற்று துளியும் இல்லை. இந்தக் கரையோரம் பெரும்பாலும் 10, 20 மீட்டர்தான் ஆழம், அடியில் சேறு, அதனால் அங்கேயே நங்கூரத்தைப் போட்டு வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன். விடிந்ததும் எஞ்சின் சாவியை என் கால்சட்டைப் பையில் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, தலையில் சைக்கிள் ஹெல்மெட்டோடு இறங்கினேன். சின்ன அலைக்கே படகின் பின்புறம் மேலும் கீழும் தட்டும், ஹெல்மெட் இல்லாவிட்டால் மண்டை போயிருக்கும். நைலான் கயிறு சூட்டில் உருகித் தண்டோடு ஒட்டிக் கல்லாக இறுகியிருந்தது. ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் முக்கால் மணி நேரம் அறுத்தேன். அந்தக் கத்தி ஒன்றை வாங்கி வையுங்கள். கடல் கொந்தளித்தால் யாரையும் இறங்க விடாதீர்கள், பாயில் போகலாம் அல்லது உதவி கேட்கலாம். கொடி கட்டிய மிதவை ஒன்று தெரிந்தால் இன்னொன்று எங்கே என்று தேடுங்கள், நடுவில் வலை இருக்கும். சேர்ந்தாற்போல் போகும் இரண்டு மீன்பிடிப் படகுகளின் நடுவேயும் போகாதீர்கள். வலை இழுக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் வழிவிட வேண்டும்.

படகுக்குள் தண்ணீர் வந்தால் உங்கள் கணவர் பார்த்துக்கொள்வார், ஆலையில் வால்வும் பம்பும் பார்த்தவர்தானே. நீங்கள் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பில்லை என்றால் குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது, உப்பென்றால் கடல் வருகிறது. படகின் அடியில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்று கட்டித் தொங்க வேண்டும், பழைய படகில் அது அவசியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் அடித்தட்டில் தேங்கி நிற்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள்.

ரேடியோ உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16. உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடத்தின் எண்கள், என்ன நடந்தது, எத்தனை பேர். உயிராபத்து இல்லாத சிக்கலுக்கு "பான் பான்" என்று மூன்று முறை. பதற்றத்தில் நாக்கு புரளாது, அதனால் மலாயில் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், இடத்தின் எண்களுக்கு மட்டும் கோடு விட்டு வையுங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் இருந்தால் 999 அழையுங்கள், அங்கிருந்து கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கு இணைப்புக் கிடைக்கும்.

அப்புறம், ஊரில் உங்கள் அக்காவோ யாரோ ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். படகின் பெயர், நிறம், ஆள் எண்ணிக்கை, எந்த நாளில் எங்கே தங்குவீர்கள், எத்தனை மணிக்குப் போன் செய்வீர்கள், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் அவர் 999-ஐ அழைக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். படகைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்புங்கள். சேர்ந்ததும் மறக்காமல் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடி ஒரு படகு வீணாகக் கிளம்பிவிடும்.