பேரிங்குக்குள் புகுந்த வாய்க்கால் தண்ணீர்: டிராக்டர் சக்கரக் கேள்விகள்

பிசான அறுப்பு முடிந்து, கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை வண்டி கொஞ்சம் சும்மா நிற்கும். சக்கரத்தைக் கழற்ற அதுதான் நேரம். வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அண்ணாச்சி, தொழி அடிக்கிற டிராக்டர். மாசம் தவறாம கிரீஸ் அடிக்கேன். ஆனாலும் முன்சக்கரம் கரகரன்னு சத்தம் போடுது. (கல்லிடைக்குறிச்சி)

முதலில், நீங்கள் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல டிராக்டர்களில் அது கிங் பின்னுக்கு, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கு, உரியது. அதில் எவ்வளவு அடித்தாலும் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) இருக்கும் பேரிங்குக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. பேரிங்கைக் கழற்றிக் கையால்தான் கிரீஸ் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். ரோட்டில் ஓடிச் சூடான ஹப்போடு நேரே வயலில் இறக்குகிறோம். ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வரப்பில் பத்து நிமிஷம் நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்து இறக்குங்கள்.

கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். தொப்பி, நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின், நட், வாஷர் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். ஹப்பை இழுக்கும்போது வெளிப் பேரிங் மண்ணில் விழாமல் உள்ளங்கையை ஏந்திக்கொள்ளுங்கள். பழைய கிரீஸை வழித்துவிட்டு டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, புது டீசலில் இன்னொரு முறை அலசுங்கள். கழுவிய அழுக்கு டீசலை ஒரு டப்பாவில் பிடித்து வையுங்கள். கன்னடியன் கால்வாயில் ஊற்றினால் அது கீழே இருப்பவர் வயலுக்குத்தான் போகும்.

காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து உருளை ஒவ்வொன்றையும் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் பதம் போய்விட்டது. கப்பின் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) உள்பக்கம் நகத்தை ஓட்டும்போது தட்டினால் குழி விழுந்துவிட்டது. கோனையும் (உருளைகளோடு இருக்கும் உள் வளையம்) கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோன் நிலைக்காது.

பிறகு, உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பால் அதை அழுத்தி அழுத்தி எடுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு இடையே கிரீஸ் புழு மாதிரி பிதுங்க வேண்டும். சுற்றிச் சுற்றி எல்லா உருளைக்கும் இப்படி ஏற்றுங்கள். ஹப்பின் நடுவெளியைத் திணித்து அடைக்க வேண்டாம், சூடேறும். சீல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

டிரெய்லர் சக்கர நட்டை எவ்வளவு இறுக்கணும்? (சேரன்மகாதேவி)

சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, லேசாகப் பிடிக்கும்வரை இறுக்குங்கள். பிறகு ஸ்பிளிட் பின் மாட்டும் துளை நேர்படும் அளவுக்குத் தளர்த்துங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தடதடக்கக் கூடாது; சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும். ஒரு பட்டறையில் என் டிரெய்லருக்குப் பழைய பின்னையே நிமிர்த்தி மாட்டிவிட்டார்கள். நெல் மூட்டையோடு வரும் வழியில் பின் அறுந்து, நட் கழன்று, சக்கரம் சாய்ந்துவிட்டது. பின்னால் பைக்கில் வந்த பையன் மயிரிழையில் தப்பினான். இன்றைக்கும் பின்னை வளைத்த பிறகு இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

கழுவின பேரிங்கை கம்பிரஸர் காத்துல காய வைக்கலாமா? எங்க ஊர் தேரி மணல். (திசையன்விளை)

காற்றில் சுழலவே விடாதீர்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் சுற்றினால் உருளையில் கீறல் விழும். வேகத்தில் தெறித்துக் கண்ணையும் பதம் பார்க்கும். பஞ்சு உதிராத துணியில் ஒற்றி நிழலில் காய வைத்தால் போதும். உங்கள் ஊர்க் காற்றுக்கு வேலை முடியும்வரை சுத்தமான காய்ந்த துணி போட்டு மூடி வையுங்கள். கிரீஸ் கன் பிடிக்கும் முன் நிப்பிளைத் துடைக்காவிட்டால் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம்.

இருக்கிற கிரீஸ் மேலயே வேற கிரீஸ் போடலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும். பழையதை முழுக்கக் கழுவிவிட்டு, சக்கரப் பேரிங்குக்கான லித்தியம் கிரீஸ் போடுங்கள். சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் ரோட்டுச் சூட்டில் உருகும்.

6204 2ஆர்எஸ் பேரிங். ரப்பரைத் திறந்து கிரீஸ் வைக்கலாமா? (வள்ளியூர்)

2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது. அவசரத்துக்கு ஊசியால் ரப்பரின் உதட்டைக் கிளப்பிக் கொஞ்சம் வைக்கலாம். ஆனால் கையில் சுற்றும்போது மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைசி இரண்டு எண் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு வரும்: 04 என்றால் 20 மில்லிமீட்டர். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையும் கையில் கொண்டு போங்கள்.