ராக் பேண்டும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

முன்னாடியே சொல்லிடறேன், நான் ஆர்க்கெஸ்ட்ராவுல வியோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறவன், கூடவே பேண்டுங்களோட பாட்டை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுக்கிற வேலையும் பண்றேன். புரோக்ரஸிவ் ராக் (சுருக்கமா புரோக், நீளமான பாட்டு, சிக்கலான தாளம்னு போற ராக்) பேண்ட் சிம்பொனியோட சேந்து மேடை ஏறுறதுல எது வேணாலும் கேளுங்க. கிட்டார் பெடல், ஆம்ப் எல்லாம் என் ஏரியா இல்ல.

கேள்வி: இதை முதல்ல ஆரம்பிச்சது டீப் பர்ப்பிள் பேண்ட்தானே?

ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவங்க. 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, கண்டக்டர் மால்கம் ஆர்னால்ட். அன்னைக்கு வாசிச்ச "கான்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா"வோட மூணு பாகத்தையும் எழுதினது அவங்க கீபோர்டிஸ்ட் ஜான் லார்ட். அடுத்த மாசமே தி நைஸ் பேண்ட் க்ராய்டன்ல சின்ஃபோனியா ஆஃப் லண்டனோட வாசிச்சாங்க. 1967ல மூடி ப்ளூஸ் பேண்ட் போட்ட ஆல்பத்தை நிறைய பேர் இழுப்பாங்க, ஆனா அது ஸ்டுடியோ வேலை, பேண்ட் தனியா ஆர்க்கெஸ்ட்ரா தனியா ரெக்கார்ட் பண்ணி ஒட்டினது. மேடையில ஒண்ணா மூச்சு விடுறது வேற விஷயம்.

லார்ட் எழுதின அந்த ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியத்துக்கும் சேத்து எழுதின இசைத் தாள், 1970ல தொலைஞ்சே போச்சு. முப்பது வருஷம் கழிச்சு வாசிக்கணும்னா கையில ஒரு தாள் இல்ல. மார்கோ டி கோயே ங்கிற டச்சு இசையமைப்பாளர் பழைய ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வீடியோவைப் பாத்து, ஒவ்வொரு வாத்தியமா காதால பிரிச்சு எழுதினாரு, லார்ட் கூட உக்காந்து சரி பண்ணி, 1999 செப்டம்பர்ல அதே ஹால்ல லண்டன் சிம்பொனியோட மறுபடி வாசிச்சாங்க. இதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்கும். உங்க ஸ்கோரைக் காப்பி எடுத்து ரெண்டு வேற வேற இடத்துல வைங்க. இதை இன்னைக்கு இன்னும் பல தடவ சொல்லுவேன்.

கேள்வி: கீபோர்டுலயே வயலின் சவுண்ட் வருதே, எதுக்கு அம்பது அறுபது பேர்?

மெல்லோட்ரான்ங்கிற பழைய கீபோர்டு வாத்தியத்தோட கதை இதுதான். அந்தக் காலத்துல புரோக் பேண்டுங்க அதை வாங்கினதே ஆர்க்கெஸ்ட்ரா வைக்க காசு இல்லாததால. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு டேப், அதுல நிஜ வயலின் ரெக்கார்ட் ஆகியிருக்கும், ஏறக்குறைய எட்டு செகண்டு அமுக்கி வச்சா டேப் முடிஞ்சிடும். அந்தக் கரகரப்பு எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா அது வயலின் இல்ல, தனி வாத்தியம். எதிர்ப்பக்கமா யெஸ் பேண்டைப் பாருங்க, 2001ல கீபோர்டிஸ்ட் இல்லாம ஆர்க்கெஸ்ட்ராவை வச்சே முழு ஆல்பம் போட்டாங்க, அதோட டூரும் போனாங்க. டூர்ல பழைய பாட்டுக்காக ஒரு கீபோர்டு ஆளைச் சேத்துக்கிட்டாங்க, ஏன்னா ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்ல.

அதனால கீபோர்டுல வாசிச்ச நீள நீளமான கார்டை அப்படியே எங்க முன்னாடி தாள்ல வச்சிடாதீங்க. நாப்பது பேர் நாலு நிமிஷம் ஒரே நோட்டை இழுத்துக்கிட்டு இருந்தா அது எங்களுக்கும் வேஸ்ட், கேக்கிறவங்களுக்கும் வேஸ்ட். ஆர்க்கெஸ்ட்ரா மட்டுமே வாசிக்க முடிஞ்ச ஏதாவது ஒண்ணு எழுதுங்க.

கேள்வி: எத்தனை நாள் ரிகர்சல் இருக்கும்?

மூணு மணி நேர செஷன் ரெண்டு, அதிகபட்சம் மூணு. பேண்ட் மாசக்கணக்குல பழகின பாட்டை நாங்க அன்னைக்குத்தான் முதல் தடவ பாப்போம். பாத்த உடனே வாசிச்சிடுவோம், ஆனா தாள்ல இருக்கிறதை மட்டும்தான் வாசிப்போம். ஒரு கச்சேரியில கிட்டார்காரரு "சோலோ முடியறப்ப தலையாட்டுறேன், அப்ப நீங்க வாங்க"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி உணர்ச்சிவசப்பட்டு சோலோ நடுவுலயே நல்லா தலையாட்டிட்டாரு, டிரம்பெட் மாதிரி பித்தளை வாத்தியங்க இருக்கிற பிராஸ் செக்‌ஷன் முழுக்க உள்ள வந்துருச்சு, பாதி பேர் நிறுத்த பாதி பேர் வாசிக்க, சேந்து நிலைக்கு வரவே இருபது பார் (தாளத்தோட ஒரு சுத்து ஒரு பார்) ஆச்சு. தப்பு அவரு மேலயும் இல்ல பிராஸ் மேலயும் இல்ல. சோலோ எத்தனை பார்னு தாள்ல எழுதுங்க, இல்லனா சிக்னல் கண்டக்டர் கையிலேர்ந்து மட்டும் வரட்டும்.

கேள்வி: கிளிக் டிராக் வச்சுக்கிட்டு வாசிக்கிறது இசையா? மெஷினுக்கு அறுபது பேர் அடிமையா இருக்கிற மாதிரி இருக்கு.

கிளிக் டிராக்னா வேகம் மாறாம இருக்க காதுல டிக் டிக்னு ஓடுற தாளச் சத்தம். இந்தக் கோவம் எனக்குப் புரியுது, ஆனா முதல்ல தூரத்தைக் கணக்குப் போடுங்க. சத்தம் ஒரு செகண்டுக்கு 343 மீட்டர்தான் போகும். டிரம்மருக்கும் கடைசி வரிசை வயலினுக்கும் 15 மீட்டர்னா, அடி அவங்க காதுக்கு வர 44 மில்லி செகண்டு ஆகும். நிமிஷத்துக்கு 180 பீட்ல ஓடுற பாட்டுல ஒரு பதினாறாவது நோட்டு (ஒரு பீட்டுல கால் பங்கு) 83 மில்லி செகண்டு. அதாவது காதை நம்பி வாசிச்சா பாதி நோட்டு தள்ளிப் போயிடும். அவங்க வாசிச்சது முன்னாடி திரும்பி வர இன்னொரு பாதி.

அதே ஆள் மறுபடி: 1969ல கிளிக்கா வச்சிருந்தாங்க?

இல்ல. ஆர்னால்ட் கைதான். ஆனா லார்ட் அதை எப்படி எழுதினாருன்னு கவனிங்க, முதல் பாகத்துல பேண்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் எதிரிங்க மாதிரி, இவங்க பேசினா அவங்க நிறுத்துவாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேகமா ஓட வேண்டிய இடம் அதுல கம்மி. இன்னைக்கு நீங்க எழுதுறதுல முழு நேரமும் சேந்து ஓடணும்னா நிலைமை வேற.

இன்னொருத்தர்: டிரம்மரே கண்டக்டரைப் பாத்து வாசிக்கலாமே?

எல்லாரும் இதைச் சொல்றாங்க. பழகின ஆர்க்கெஸ்ட்ரா குச்சி கீழ இறங்கின நொடியில வாசிக்காது, கொஞ்சம் பின்னாடிதான் சத்தம் வரும், அது எங்க ரத்தத்துல ஊறினது. டிரம்மர் அந்தப் புள்ளியிலயே அடிப்பாரு. ரெண்டு பேரும் ஒரே கையைப் பாத்தும் ரெண்டு இடத்துல இருப்பாங்க. அதோட புரோக்ல தாளம் ஒரு பார் விட்டு ஒரு பார் மாறும். 7/8ன்னு தாள்ல இருந்தா பத்தாது, தகிட தகதிமியா இல்ல தகதிமி தகிடவான்னு சொல்லணும், கண்டக்டர் 2+2+3ன்னு கை காட்ட பேண்ட் 3+2+2ன்னு நினைச்சுக்கிட்டு வாசிச்சா ஒவ்வொரு பாரும் நடுவுல இடிக்கும், ஆரம்பமும் முடிவும் சேருறதால எங்க தப்புன்னே யாருக்கும் பிடிபடாது. ஒரு ரிகர்சல்ல முக்கா மணி நேரம் இதுலயே போச்சு.

அதே ஆள்: அப்ப கண்டக்டர் எதுக்கு? கிளிக்குக்கு பொம்மையா?

இல்லவே இல்ல. சரியா பண்ற இடத்துல கிளிக் டிரம்மர் காதுலயும் கண்டக்டர் காதுலயும் மட்டும் ஓடும், நாங்க கண்டக்டரைத்தான் பாப்போம். அவரு எங்களோட அந்தப் பின்னடைவுக்குச் சேத்து கையைக் கொஞ்சம் முன்னாடியே காட்டுவாரு, பெரிய வித்தை அது. ஒரு இடத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி: டிரம்ஸ் இல்லாத மெதுவான பகுதியில கிளிக்கை அணைச்சே ஆகணும். ஓபோ (ஊதுற வாத்தியம்) தனியா பாடுறப்ப அந்த மூச்சுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கணும். அங்கேயும் கிளிக் ஓட விடுற பேண்டோட நான் வாசிச்சிருக்கேன், மனசு கனத்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

இந்த விஷயம் இத்தோட போதும், மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி: புதுசா கேக்கிறவங்களுக்கு எதை முதல்ல?

புரோகல் ஹாரம் பேண்ட் 1971 நவம்பர்ல கனடாவுல எட்மன்டன் சிம்பொனியோட வாசிச்சது. அதுல "கான்கிஸ்டடோர்" பாட்டு 1967லயே வந்தது, அப்ப பெருசா போகல, ஆர்க்கெஸ்ட்ரா டிரம்பெட்டோட மறுபடி வந்ததும் அமெரிக்காவுல டாப் 20க்குள்ள போச்சு. எழுத்து நல்லா இருந்தா ஆர்க்கெஸ்ட்ரா என்ன பண்ணும்னு இதை விட நல்ல சாட்சி இல்ல. அடுத்து கீபோர்டிஸ்ட் ரிக் வேக்மேன் 1974 ஜனவரி, லண்டன் சிம்பொனியும் கோரஸும். அப்புறம் டிரீம் தியேட்டர் 2006, நியூயார்க் ரேடியோ சிட்டி: முதல் பாதி பேண்ட் மட்டும், ரெண்டாவது பாதியில ஆர்க்கெஸ்ட்ரா, அதுல 42 நிமிஷப் பாட்டு ஒண்ணு முழுசா.

கேள்வி: எந்த ஆல்பம் முதல்ல கேக்கலாம்?

மேல இருக்கு.

கேள்வி: எமர்சன் லேக் பாமர் பேண்ட் ஆர்க்கெஸ்ட்ராவோட டூர் போறதை ஏன் நிறுத்தினாங்க?

காசு. 1977ல ஏறக்குறைய எழுபது பேரை ஊர் ஊரா கூட்டிட்டுப் போனாங்க, கட்டுப்படியாகல, டூர் நடுவுலயே அனுப்பிட்டு மூணு பேரா வாசிச்சாங்க. மான்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம் மாதிரி சில இடத்துக்கு மட்டும் மறுபடி கூப்பிட்டாங்க. அதனாலதான் இப்ப நிறைய பேண்ட் போற ஊர்ல இருக்கிற ஆர்க்கெஸ்ட்ராவையே எடுத்துக்கிறாங்க, தாளை மட்டும் தூக்கிட்டுப் போனா போதும். அந்தத் தாளுக்குக் காப்பி இருக்கட்டும்.

கேள்வி: வயலினுக்கு எந்த மைக் நல்லது?

சவுண்ட் இன்ஜினியரைக் கேளுங்க. நான் சொல்றது ஒண்ணுதான், டிரம்ஸைச் சுத்தி தடுப்பு வைக்காம எந்த மைக் போட்டாலும் அதுல சிம்பல்தான் கேக்கும்.

கேள்வி: கீபோர்டு இருக்கிறப்ப எதுக்கு இவ்ளோ பேர்?

இது ரெண்டாவது தடவ. ரெண்டாவது பதிலைப் படிங்க, தயவு செஞ்சு.

கேள்வி: உங்களுக்கெல்லாம் காது போயிடாதா?

போகும், அதனாலதான் அடைப்பான் வச்சுக்கிறோம். பிரிட்டன்ல 2008லேர்ந்து இசைத் துறைக்கும் சத்தச் சட்டம் வந்துருச்சு, நாள் சராசரி 85 டெசிபலுக்கு மேல போனா காதுப் பாதுகாப்பு கட்டாயம். டிரம்ஸுக்கு முன்னாடி உக்காருற வியோலாவுக்கு அது சுலபமா தாண்டிடும். அடைப்பான் வச்சா என் வாத்தியம் எனக்கே மண்டைக்குள்ளதான் கேக்கும், சுருதி பிடிக்கிறது கஷ்டம். தயவு செஞ்சு ஆம்ப் சத்தத்தைக் குறைங்க, நாங்க நல்லா வாசிப்போம்.

கேள்வி: எங்க பேண்ட் ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிக்கப் போகுது. பாட்டு எல்லாம் ஈ மேஜர் ஸ்கேல்ல. முதல்ல என்ன பண்ணணும்?

வயலின்காரங்க சந்தோஷப்படுவாங்க, ஈ அவங்களுக்குத் திறந்த தந்தி. டிரம்பெட்காரங்க படமாட்டாங்க, அவங்க வாத்தியம் பி ஃபிளாட், தாள்ல எழுதினதை விட ஒரு முழு ஸ்வரம் கீழ ஒலிக்கும், அதனால உங்க ஈ மேஜர் அவங்க தாள்ல எஃப் ஷார்ப் மேஜரா வரும், ஆறு ஷார்ப், வாசிக்கக் கஷ்டம். பாட்டை அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃபிளாட்டுக்குக் கொண்டு போனா பிராஸுக்கு சுகம், ஆனா தந்தி வாத்தியங்களோட அந்தத் திறந்த பளபளப்பு போயிடும். உங்க பாட்டுல டிரம்பெட் முக்கியமா, வயலின் முக்கியமான்னு பாத்து முடிவெடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஆர்க்கெஸ்ட்ரா ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ்ல சுருதி சேக்குதா 442லயான்னு கேட்டுக்கோங்க, கிட்டாரை ஏத்திடலாம், ஆனா நீங்க ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணி ஓட விடுற டிராக் 440லயே நிக்கும். டிரம்பெட் பார்ட் எழுதினதும் எனக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்றேன். காப்பியை அனுப்புங்க, மூலம் உங்ககிட்டயே இருக்கட்டும்.