பக்கத்து வீட்டுக்காரரின் சபை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர். என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு வாரம் முழுக்க அவர் வீட்டிலிருந்துதான் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் அவர் பேச்சைக் கேட்கப் பயமாக இருக்கிறது. முஸ்லிம்கள் நாட்டைப் பிடிக்க வந்தவர்கள், எல்லை தாண்டி வருகிறவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்கிறார். கறுப்பர்களைப் பற்றி நேராக எதுவும் சொல்ல மாட்டார். "அந்தப் பேட்டைப் பக்கம் போகாதீர்கள்" என்பதோடு சரி. என்னைத் தன் சபைக்கு வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

மதத்தையும் அரசையும் பிரித்து வைத்த நாடு இது. இங்கே எப்படி இந்தக் கலவை வந்தது? எளிய விசுவாசிகளை அரசியல்வாதிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: இந்துக்கள் மேல் அவர்களுக்குக் கோபமில்லை, நமக்குப் பிரச்சினை வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், டெக்சாஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். டாலஸ் நகர மையத்தில் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1944இல் அதன் போதகராகப் பொறுப்பேற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே கோலோச்சியவர் டபிள்யூ. ஏ. கிறிஸ்வெல். உலகப் புகழ்பெற்ற பிரசங்கி பில்லி கிரஹாம் வாழ்ந்தது வட கரோலினாவில். ஆனால் பல காலம் அவர் பெயர் பதிவாகியிருந்தது இந்தச் சபையில்தான். அவ்வளவு செல்வாக்கான இடம்.

பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். 1956இல் கிறிஸ்வெல் தென் கரோலினாவுக்குப் போய், இரண்டு இனத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்பவர்களைக் கடுமையாகச் சாடினார். பேச்சு பிடித்துப்போய், மாநிலச் சட்டமன்றத்திலும் வந்து பேசச் சொன்னார்கள். 1960இல் கத்தோலிக்கரான கென்னடி அதிபர் தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர் அதிபரானால் மத, அரசுப் பிரிவினைக்கே ஆபத்து என்று கிறிஸ்வெல் பிரசங்கம் செய்தார். அவர் சபை உறுப்பினரான எண்ணெய்க் கோடீஸ்வரர் ஹெச். எல். ஹன்ட் தன் காசில் அதை அச்சடித்து சுமார் 2 லட்சம் பிரதிகள் அனுப்பினார். இப்படிப்பட்ட எதிர்ப்புக்குப் பதில் சொல்லத்தான் அந்த செப்டம்பரில் ஹூஸ்டனுக்குப் போய், போதகர்கள் முன் நின்று, மதமும் அரசும் முற்றாகப் பிரிந்த அமெரிக்காவையே தான் நம்புவதாக கென்னடி உறுதி சொல்ல வேண்டியிருந்தது.

1968இல் கிறிஸ்வெல், பாப்டிஸ்ட் சபைகளின் பெரிய கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனின் தலைவரானார். அந்தச் சமயத்தில், எந்த நிறத்தவரும் தன் சபைக்கு வரலாம் என்று அறிவித்துப் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டார். 1973இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வந்தபோது, குழந்தை பிறந்து தாயைவிட்டுப் பிரிந்த பிறகுதான் அது தனி மனிதராகிறது என்று தான் எப்போதும் கருதிவந்ததாகச் சொன்னார். ஆமாம், கிறிஸ்வெல்தான். பிறகு அதற்கு நேரெதிராகப் போனார். 1984இல் அதிபர் ரீகனை மறுபடி வேட்பாளராக்கிய குடியரசுக் கட்சி மாநாடு டாலஸிலேயே நடந்தது. அங்கே ஜெபம் செய்தவர் இவர். அதே ஆண்டு தொலைக்காட்சியில், மத, அரசுப் பிரிவினை என்பது யாரோ ஒரு அவிசுவாசியின் கற்பனை என்றார். கென்னடியை எதிர்க்க அவர் கையில் எடுத்த ஆயுதமே அந்தப் பிரிவினைதான்!

இதில் யார் யாரைப் பயன்படுத்தினார்கள், சொல்லுங்கள். "ஏமாந்த விசுவாசிகள்" என்ற உங்கள் விளக்கம் அவர்களுக்குக் காட்டும் கருணை. எனக்கு அந்தக் கருணை அதிகமாகத் தெரிகிறது. இந்த அரசியலின் பெரும்பகுதி மேலிருந்து கீழே இறங்கியது இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து பிரசங்க மேடைக்கும், மேடையிலிருந்து கட்சிக்கும் ஏறியது.

அப்படி ஏறுவதற்கு வழி செய்ததே நீங்கள் சொல்லும் பிரிவினைதான். 1791 முதல் அங்கே மைய அரசு எந்த மதத்தையும் தன் மதமாக வைத்துக்கொள்ள முடியாது. சில மாநிலங்கள் அரசு ஆதரவோடு வைத்திருந்த சபைகளும் 1833க்குள் அந்த ஆதரவை இழந்துவிட்டன. அதனால் போதகரின் சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து வர வேண்டும். பாப்டிஸ்ட் சபைகளில் அவரைத் தேர்ந்தெடுப்பதும் விலக்குவதும் சபையார்தான். மதம் அங்கே இவ்வளவு துடிப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். சபையாருக்குப் பிடிக்காததைப் பேசப் போதகர்கள் தயங்குவதற்கும் இதுவே காரணம். 1963 ஜனவரியில் மிசிசிப்பியில் 28 வெள்ளை மெதடிஸ்ட் போதகர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். மிக மென்மையான அறிக்கை. இனப் பாகுபாடு கிறிஸ்துவின் போதனைக்கு ஏற்றதல்ல, பொதுப் பள்ளிகளை மூடக் கூடாது, பிரசங்க மேடைக்குச் சுதந்திரம் வேண்டும், கூடவே நாங்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை என்று ஒரு வரி. அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் மாநிலத்தையே விட்டுப் போக வேண்டியதாயிற்று. மெதடிஸ்ட் போதகர்களை நியமிப்பது பிஷப். அப்படியிருந்தும் இந்தக் கதி.

அப்புறம் பள்ளிக்கூடக் கதை. இது உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். கறுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்றானதும் தென் மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் தனியார் பள்ளிகளைத் தொடங்கினார்கள், பல இடங்களில் சர்ச்சின் பெயரால். மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் பொதுப் பள்ளிகளில் படித்த வெள்ளை மாணவர்கள் ஒரே ஆண்டில் 771இலிருந்து 28 ஆனார்கள். அடுத்த ஆண்டு ஒருவர்கூட இல்லை. புதிய பள்ளிகளுக்கு வரிவிலக்கு வேறு. அங்கிருந்த கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இனப் பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971இல் தீர்ப்பானது.

வரித்துறை அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1971 வரை அங்கே கறுப்பர்களுக்கு இடமில்லை. பிறகு சில ஆண்டுகள் மணமானவர்களுக்கு மட்டும் இடம். 1975இல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, இனம் மாறிக் காதலித்தால் வெளியேற்றுவோம் என்று விதி வைத்தார்கள். பைபிளே அப்படிச் சொல்கிறதாம். 1976இல் வரிவிலக்கு பறிபோனது. 1978இல் மற்ற தனியார் பள்ளிகளுக்கும் விதிகளை இறுக்கப்போவதாக வரித்துறை சொன்னதும் எதிர்ப்புக் கடிதங்கள் லட்சத்தைத் தாண்டின. அடுத்த ஆண்டு ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். போதகர்களின் வேலை ஆன்மாக்களை ஆதாயம் செய்வது, அரசியல் அல்ல என்று 1965இல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்களைக் கண்டித்துப் பிரசங்கித்த அதே ஃபால்வெல்! இடையில் 1967இல் அவரும் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி என்று உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பற்றி எழுதியது.

வரிவிலக்குதான் ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிகளில் ஜெபம் நின்றது, பெண்ணுரிமை இயக்கம், ஓரினச் சேர்க்கையாளர் உரிமை எல்லாமே அவர்களைக் கலக்கின. கருக்கலைப்பை மனதார எதிர்த்தவர்களும் உண்டு, முக்கியமாகக் கத்தோலிக்கர்கள். ஆனால் அவர்களைத் திரட்டியவர்களில் முதன்மையான பால் வெய்ரிச், கருக்கலைப்பைவிட வரித்துறையின் நடவடிக்கைதான் இவர்களை அரசியலுக்குத் தள்ளியது என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வழக்கு 1983இல் உச்ச நீதிமன்றத்தில் வரித்துறைக்குச் சாதகமாக 8க்கு 1 என்று முடிந்தது. ரீகன் அரசு வரித்துறையின் பக்கம் வாதாட மறுத்துவிட்டதால், நீதிமன்றமே வில்லியம் கோல்மன் என்ற கறுப்பின வழக்கறிஞரை நியமிக்க வேண்டியிருந்தது. எதிர்த்து எழுதிய அந்த ஒரே நீதிபதி ரென்க்விஸ்ட். மூன்று ஆண்டுகளில் ரீகன் அவரைத் தலைமை நீதிபதியாக்கினார். காதல் தடை விதியைப் பல்கலைக்கழகம் எடுத்தது 2000இல்.

இப்போது உங்கள் நண்பர்களின் சமாதானத்துக்கு வருகிறேன். ஃபர்ஸ்ட் பாப்டிஸ்டின் இன்றைய போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், 2011இல், அமெரிக்காவில் தோன்றி தன்னைக் கிறிஸ்தவம் என்று சொல்லிக்கொள்ளும் மார்மன் மதத்தைக் கிறிஸ்தவமே அல்ல என்று ஒதுக்கினார். 2012இல் மார்மனான மிட் ராம்னிதான் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் என்றானதும் அவருக்கே ஆதரவளித்தார். கத்தோலிக்கருக்கும் இதுவே நடந்தது. ஓட்டு தேவைப்படும்போது கோட்டைத் தள்ளிப் போடுவார்கள். நம்மை உள்ளே வைத்துத்தான் கோடு போடுவார்கள் என்று எந்த நம்பிக்கையில் உங்கள் நண்பர்கள் சொல்கிறார்கள்? 2007இல் செனட்டில் முதல்முறையாக இந்துப் பிரார்த்தனை நடந்தபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் போட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான். 2024இல் உங்கள் மாநிலத்தின் ஷுகர் லேண்டில் 90 அடி அனுமன் சிலை வைத்தபோதும் எதிர்த்து வந்து நின்றார்கள். இவையாவது வெறும் கூச்சல். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நான்காம் நாள் அரிசோனாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி தலைப்பாகை கட்டிய சீக்கியர். 2012இல் விஸ்கான்சின் குருத்வாராவில் 6 பேரைச் சுட்டுக் கொன்றவன் வெள்ளை இனவெறியன். துப்பாக்கியோடு வருபவன் நம்மிடம் மதச் சான்றிதழ் கேட்கப் போவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மதமே விஷம் என்று முடிவு கட்டினால் பாதிக் கதையை விட்டுவிடுவீர்கள். 2016 தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் (பைபிளையும் மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்டுகள்) பத்தில் எட்டுப் பேர் டிரம்புக்கு ஓட்டளித்தார்கள். கறுப்பின புராட்டஸ்டன்டுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பக்கம். வாசிப்பது அதே பைபிள். பாடல்களிலும் பல ஒன்றே. பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம், பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்ன எட்டு வெள்ளை மதகுருமாருக்கான பதில். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், கறுப்பினத்தவரின் இமானுவேல் சர்ச்சில், வேத பாடத்துக்கு வந்த ஒரு வெள்ளை இளைஞனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனும் ஒரு லூத்தரன் சபையின் உறுப்பினன்தான்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அன்பு நடிப்பில்லை. தெரிந்த முகத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவதும், தெரியாத கூட்டத்தைச் சந்தேகப்படுவதும் அவருக்கு ஒன்றோடொன்று முரணாகத் தெரியாது. அவர் கூப்பிட்டால் ஒரு ஞாயிறு போய்விட்டு வாருங்கள். பிரசங்கத்தோடு கிளம்பிவிடாமல் காபிக்கும் நின்று, சபையார் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். இன்னொரு ஞாயிறு தெற்கு டாலஸில் ஒரு கறுப்பினச் சபைக்கும் போங்கள். அதற்கு அவரையும் கூட அழைத்துப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.