வாழ்க்கையின் அர்த்தம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருந்த விளக்கத்தையும் படித்தேன். கடமைதான் வாழ்க்கை என்கிறார் அப்பா. இருக்கும்வரை அனுபவி என்கிறார் நண்பர். கடவுளைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். எல்லாரும் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் எதுவுமே ஒட்டவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பது வயதுக்கு முன்னே பின்னே இருக்கும், வேலை இருக்கும், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வீட்டில் யாரோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். என் ஊகம் தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கமும் பசியும் போய், உயிரோடு இருப்பதே எதற்கு என்கிற அளவுக்கு இந்தக் கேள்வி வருகிறது என்றால், பதில்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள், நெருக்கமான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தத்துவம் அப்புறம்.

நான் தத்துவம் படித்தவள் இல்லை. புரூஃப் பார்ப்பவள். பாடப்புத்தகங்கள், தேர்வு வழிகாட்டிகள், எப்போதாவது உளவியல், தத்துவ அறிமுக நூல்கள். கீழே வரும் பெயர்களும் ஆண்டுகளும் என் மேஜைக்கு வேலையாக வந்தவை. ஆண்டு சரியா, பெயர் சரியா என்று தேடிச் சரிபார்க்கும்போது ஒட்டிக்கொண்டவை. "இவளுக்கு எதற்கு இந்தப் பெயரெல்லாம்" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் குழந்தை இல்லை. அதில் பாதி எங்கள் முடிவு, பாதி உடம்பின் முடிவு. விவரம் இங்கே தேவையில்லை. உங்கள் கேள்வி என்னை உட்கார வைத்து எழுத வைத்ததற்குக் காரணம் இதுதான். இந்த உலகத்தில் "உன் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியை அடுத்தவர் வாயிலிருந்து நேராகக் கேட்க நேர்கிறவர்கள் சில வகையினர்தான். குழந்தை இல்லாதவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், வேலையை விட்டவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள். நன்றாகச் சம்பாதித்து இரண்டு பிள்ளை பெற்றவரிடம் யாரும் போய் இதைக் கேட்பதில்லை.

என் கணவரின் அத்தை கேட்டார். வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு சாயங்காலம். கெட்டவர் இல்லை, என்மேல் பிரியம் உள்ளவர்தான். "ரெண்டு பேரும் இப்படி ஓடி ஓடி உழைக்கிறீங்களே, யாருக்கு? பிள்ளை இல்லாத வாழ்க்கைக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டென்று தட்டையும் தம்ளரையும் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அது அவர் வழக்கம்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்வியைப் பல உருவங்களில் கேட்டுப் பழகிவிட்டது. "அத்தை, உங்களுக்கு மூத்தவன் பிறக்கறதுக்கு முன்னாடி உங்க வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்துச்சா?" என்றேன். மடக்குவதற்காகத்தான் கேட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மடங்கவில்லை. கொஞ்சம்கூட யோசிக்காமல், "ஏன் இல்லாம? எங்க அப்பா யாவாரத்துக்கு நான்தானே கணக்கு எழுதுவேன். அண்ணன்மாரை எல்லாம் நம்ப மாட்டாரு. ஒரு நாள் நான் காய்ச்சல்ல படுத்தா நோட்டை அப்படியே மூடி வச்சிருப்பாரு, நான் எந்திரிச்சு வந்துதான் எழுதணும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அப்புறம், "ஆனா அது வேற, இது வேற" என்று முடித்துவிட்டார். அடுத்த முறை பார்த்தபோது பழைய கேள்வியையே திரும்பவும் கேட்டார்.

அதை வைத்துத்தான் எனக்கு ஒரு கருத்து உண்டாயிற்று. பிள்ளைகள்தான் என் வாழ்க்கையின் அர்த்தம் என்று அத்தை சொன்னால் அது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் வளர்த்த விதத்தைப் பார்த்தவள் நான். அதே வாக்கியத்தை என்னை அளக்க அவர் எடுத்தபோதுதான் அது பொய்யானது. உங்கள் அப்பாவின் கடமை, நண்பரின் அனுபவம், அலுவலகக்காரரின் கடவுள் மூன்றும் இதே கதைதான். அவரவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது மூன்று பேரும் சரி. "அதனால் நீயும்" என்று அடுத்த வரி வரும்போது மூன்று பேரும் தப்பு.

இதை நானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். 1930-இல் வில் டியூரண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் வீட்டுக்கு ஒரு மனிதர் வந்து, வாழ ஒரு நல்ல காரணம் சொல்லாவிட்டால் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். வேலை தேடிக்கொள் என்றார் டியூரண்ட். வேலை இருக்கிறதாம். நன்றாகச் சாப்பிடு என்றார். பசி பிரச்சினை இல்லையாம். எழுதியும் பேசியும் பெயர் வாங்கிய மனிதர், தன் வாசலில் நின்ற ஒருவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றார். மறு ஆண்டு உலகம் முழுவதும் சுமார் நூறு பிரபலங்களுக்குக் கடிதம் போட்டு, உங்களை எது நடத்துகிறது என்று கேட்டார். வந்த பதில்கள் 1932-இல் புத்தகமாயின.

காந்தியும் நேருவும் சி. வி. ராமனும் பதில் எழுதியிருக்கிறார்கள். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா, எனக்கு எப்படித் தெரியும், இந்தக் கேள்விக்கே ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று எரிந்து விழுந்தார். பத்திரிகையாளர் மென்கன், கோழி முட்டையிடுகிற அதே காரணத்துக்காகத்தான் நானும் வேலை செய்துகொண்டே இருக்கிறேன் என்றார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், வேலை மும்முரத்தில் வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்றுதான் தோன்றுகிறது என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார். பெரிய பெரிய மூளைகள், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அப்படியிருக்க உங்களைச் சுற்றி மூன்று பேர் ஒத்துப்போகாததில் என்ன ஆச்சரியம்?

குழந்தை விஷயத்துக்கு ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயையும் சொல்ல வேண்டும், அத்தைக்குச் சொல்ல முடியாததால் இங்கே சொல்கிறேன். பதின்மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். நிலபுலம், உலகப் புகழ், எல்லாம் இருந்தது. ஐம்பது வயதை ஒட்டி இந்தக் கேள்வி அவரைப் பிடித்த பிடியில், தூக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து வீட்டிலிருந்த கயிற்றை ஒளித்துவைத்தார், துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். அதனால் பிள்ளை பெற்றால் அர்த்தம் தானாக வந்துவிடும் என்ற உத்தரவாதம் யாருக்கும் கிடையாது. அதே சமயம், பிள்ளை வளர்ப்பவர்களை நான் மட்டம் தட்டுவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உளவியலாளர் ராய் பௌமைஸ்டர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மகிழ்ச்சியும் அர்த்தமும் ஒன்றல்ல, கவலையும் மன அழுத்தமும் பல சமயம் அர்த்தத்தோடு சேர்ந்தே வருகின்றன என்று காட்டியது. இரவெல்லாம் கண்விழித்த தாய்மார்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

"அப்படியானால் ஆளுக்கு ஒரு அர்த்தம், எல்லாமே சரி, கொலைகாரனுக்கும் ஓர் அர்த்தம் இருக்குமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அதைத் தத்துவக்காரர்களே கேட்டுவிட்டார்கள். ரிச்சர்ட் டெய்லர் 1970-இல் ஒரு கற்பனை செய்தார். கிரேக்கக் கதையில் சிசிபஸ் மலைமேல் பாறையை உருட்டுகிறான், அது திரும்பத் திரும்ப உருண்டு கீழே வருகிறது. தேவர்கள் மனமிரங்கி, பாறை உருட்டுவதில் அவனுக்குத் தீராத ஆசையை உண்டாக்கிவிட்டால்? அவன் வாழ்க்கை நிறைந்துவிடும் என்றார் டெய்லர். சூசன் உல்ஃப் என்ற இன்னொரு தத்துவக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசை மட்டும் போதாது, ஆசைப்படும் பொருளும் ஆசைப்படத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் உல்ஃப் பக்கம். ஆனால் எது தகுந்தது என்று தீர்மானிக்கும் வேலையை உறவினர்களிடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு திருத்தமும் போடுவேன்.

சரி, என்னுடையது என்ன என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் நர்சிங் மாணவர்களுக்கான ஒரு வழிகாட்டி வந்தது. ஒரு மருந்தின் அளவு 0.5 மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 மில்லிகிராம் என்று இருந்தது. முன்னால் பார்த்த இருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கும் மருத்துவம் தெரியாது. இரண்டு பக்கம் தள்ளி அதே மருந்து வேறு அளவில் வந்ததால் நெருடியது. கேட்டு எழுதினேன், திருத்தினார்கள், புத்தகம் வெளியானது. அவ்வளவுதான். பிழை அச்சேறவே இல்லை. அதனால் அதைப் படித்த யாருக்கும் என்னைப் பற்றித் தெரிய வழியே இல்லை. அன்று ராத்திரி நான் தூங்கின தூக்கம் இருக்கிறதே, அதை அத்தையிடம் எப்படி விளக்குவது? இதற்காகவே பிறந்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. மறுநாள் முழுக்கப் பொருளடக்கத்தில் பக்க எண்தான் சரிபார்த்தேன்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. கடைசி புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு, அச்சுக்குப் போகும் முந்தின ராத்திரி ஆசிரியர் இரண்டு பத்தியை மாற்றுவார். யாருக்கும் சொல்ல மாட்டார். புதுப் பத்தியில் பிழை இருக்கும். புத்தகம் வந்ததும் "புரூஃப் யார் பார்த்தது?" என்ற கேள்விதான் முதலில் வரும். நன்றியுரையில் பெயர் போட இடமில்லாத ஆளுக்கு, திட்டும்போது மட்டும் பெயர் கிடைத்துவிடும். இப்போது கணினியே பிழை பார்த்துவிடுமே என்கிறார்கள். 5 என்பது எழுத்துப்பிழை இல்லை, ஐயா. கணினிக்கு அது நல்ல எண்தான். போகட்டும்.

உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றுண்டு. விக்டர் ஃபிராங்கல், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட வியன்னா மனநல மருத்துவர். பெற்றோர், மனைவி, அண்ணன் என்று குடும்பத்தில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். பொதுவாக வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று கேட்பது, உலகத்திலேயே சிறந்த சதுரங்க நகர்த்தல் எது என்று கேட்பதைப் போல என்றார் அவர். பலகையையும் எதிராளியையும் பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது. உங்கள் அப்பா, நண்பர், அலுவலகக்காரர் மூவரும் அவரவர் பலகையைப் பார்த்துச் சொல்கிறார்கள். உங்கள் பலகையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மற்றவர்கள் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

எதுவும் ஒட்டவில்லை என்பதற்காக உங்களிடம் குறை இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். இந்த அர்த்த உணர்வை அளக்க 2006-இல் உளவியலாளர் மைக்கேல் ஸ்டீகர் குழுவினர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பத்தே வாக்கியங்கள். ஐந்து, அர்த்தம் இருப்பதாக உணர்வதைப் பற்றி. ஐந்து, அதைத் தேடுவதைப் பற்றி. தேடுவது வேறு, இல்லாமல் இருப்பது வேறு என்பதால்தான் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள். இருப்பவரும் தேடலாம்.

"எல்லாரும் சாகத்தானே போகிறோம், லட்சம் வருடம் கழித்து எது மிஞ்சும்" என்று பேசும் நண்பர்களும் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களிடம் தத்துவக்காரர் தாமஸ் நேகல் 1971-இல் எழுதியதைச் சொல்லுங்கள். நாம் இப்போது செய்வது பத்து லட்சம் வருடம் கழித்து ஒரு பொருட்டாக இருக்காது என்றால், பத்து லட்சம் வருடம் கழித்து நடக்கப்போவதும் இப்போது நமக்கு ஒரு பொருட்டில்லை. எனக்கு மிகவும் பிடித்த பதில். நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பேச்சை மட்டும் மாற்றுவார்கள், அதுவே போதும்.

டியூரண்டின் புத்தகம் கிடைத்தால் படியுங்கள், சின்னதுதான். பிரபலங்களை விட்டுவிட்டு, ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குங்கள். விதி நம்மை எந்த முடிவுக்குக் கொண்டுபோகிறது என்று தனக்குத் தெரியாது, அதைப் பற்றிப் பெரிய அக்கறையும் இல்லை, அதற்குள் என் பங்கைச் செய்து முடித்திருப்பேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஷாவும் மென்கனும் அப்புறம்.