ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயர்: ஏழு மாதமாக வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் யாருடையது?

கேள்வி: கோவையில் சிறிய பவுண்டரி நடத்துகிறேன். செட்டிபாளையம் பந்தயத் திடலில் வேலியோரம் நின்று கார்களைப் பார்த்த நாளிலிருந்தே, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. ஏழு மாதங்களுக்கு முன் பெங்களூரில் பழைய கார் விற்கும் டீலர் ஒருவரிடம், 2013-ல் பதிவான ஜெர்மன் கார் ஒன்றை 21 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். 18 லட்சத்தை வங்கி மூலம் அனுப்பினேன். மீதி 3 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது இல்லை. முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட, தேதி போடாத படிவங்களைக் கொடுத்து, ஒரு மாதத்தில் பெயர் மாறிவிடும் என்றார். ஆர்.சி.யில் இன்றும் பழைய பெயரும் ஒரு வங்கியின் கடன் பதிவும் அப்படியே இருக்கின்றன. அந்த உரிமையாளரிடம் பேசினால், “கடனை எப்போதோ கட்டிவிட்டேன், காரைக் கொடுத்து ஒன்றரை வருடமாகிறது, இனி எனக்குச் சம்பந்தமில்லை” என்கிறார். இதற்கிடையில் கூரை பாதி மடிந்த நிலையில் நின்றுவிட்டது. வண்டியின் பின்பக்கம் பலமாக அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். ‘விபத்தில்லாத வண்டி’ என்று டீலர் வாட்ஸ்அப்பில் எழுதியது என்னிடம் இருக்கிறது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. கூரைக்காக வழக்குத் தொடுக்கலாமா? இறக்குமதிக் கார் என்பதால் சுங்கத்துறை பறிமுதல் செய்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துவது உண்மையா? ஐந்து வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் அதில் போகலாமா?

பதில்: கூரை இன்னும் சில மாதங்கள் காத்திருக்கும். ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறுவது இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. அதற்கான வேலையை முதலில் தொடங்குங்கள். அதுவரை வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்துவிட்டதால், 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி அந்தக் கார் உங்கள் சொத்துதான். ஆனால் சாலையில் ஒரு விபத்து நடந்தால் மோட்டார் வாகனச் சட்டம் தேடுகிற ‘உரிமையாளர்’ பதிவில் பெயர் உள்ளவர். நவீன் குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த வழக்கிலும் கார் பல கை மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே நின்றது. இழப்பீட்டுப் பொறுப்பு அவர்மீதே விழுந்தது.

இந்தத் தீர்ப்புதான் உங்கள் கையில் இருக்கும் சாவி. “எனக்குச் சம்பந்தமில்லை” என்று சொல்லும் அந்தப் பெங்களூர்க்காரர்தான் உங்கள் எல்லோரையும்விடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். நீங்கள் யார்மீதாவது மோதினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும். கேமராவில் பதிவாகும் அபராதமும் அவர் பெயருக்கே போகும். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், எதிரியாக நினைக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். டீலரிடம் அவர் எந்தத் தேதியில் வண்டியைக் கொடுத்தார், உங்களுக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெங்களூரில் நிலுவையில் உள்ள அபராதங்களில் எது யாருடையது என்பதும் அதிலேயே தெளிவாகிவிடும்.

அவரால் மட்டுமே ஆகும் வேலைகள் உண்டு. முதலாவது, வங்கியில் கடன் முடிந்ததற்கான கடிதமும் கடன் பதிவை நீக்குவதற்கான, வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்குவது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கும்வரை, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பெயரை மாற்ற முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவு சொல்கிறது. கடன் முடிந்துவிட்டது என்ற அவருடைய வாய்ச்சொல் போதாது. வங்கியின் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். அடுத்தது, வண்டி பதிவான பெங்களூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிப்பது. இந்த விண்ணப்பங்கள் இப்போது மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாகப் போகின்றன. ஓ.டி.பி. அவருடைய கைபேசிக்குத்தான் வரும். தேதியில்லாத கையெழுத்துப் படிவங்களை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக நீங்கள் ஒரு அடியும் நகர முடியாததற்கு இதுதான் காரணம். சான்றுக்கு விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் சான்று வழங்கியதாகவே கருத வேண்டும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. எனவே விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சான்று கிடைத்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றைத் தேதியிட்டுப் புதிதாக எழுதிக் கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துத் தமிழ்நாட்டு எண் பெறுங்கள். வண்டி வாங்கிய 30 நாட்களுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண்ணுக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வாழ்நாள் வரி கையைக் கடிக்கும். ஆனால் வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும். கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மிச்சக் காலத்துக்கு உரிய பகுதியை, இங்கே பதிவான ஆதாரத்தைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். சைலன்சரையோ வேறெதையோ முன்பு யாராவது மாற்றியிருந்தால், ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன் நிறுவனம் தந்த பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆர்.சி. விவரத்துடன் ஒத்துப்போகாத மாற்றங்களை 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று காப்பீடு. பாலிசியும் பழைய பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வண்டி கைமாறும்போது பாலிசியும் கூடவே மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 157-வது பிரிவின்படி அப்படி மாறுவது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும்தான். சொந்த வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக உங்களிடம் வராது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்கே அந்தக் கார் தீப்பிடித்தால் 21 லட்சமும் போனதுதான். விற்பனை ஆதாரத்துடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். முந்தையவர் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடி) உங்களுக்குக் கிடைக்காது. அதற்கான வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

இப்போது டீலர். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். முறைப்படி அவர் வண்டியை எடுத்திருந்தால், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். தடையில்லாச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பித்திருக்க முடியும். அங்கீகாரம் இருக்கிறதா என்று பெங்களூர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் வழக்குக்கு அதைவிட வலுவான ஆவணம் கிடைக்காது.

கூரைக்கும் மறைக்கப்பட்ட விபத்துக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பெங்களூருக்கு அலைய வேண்டாம். புகார் தருபவர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதனால்தான் கூரை காத்திருக்கும் என்றேன். இதையே ஒரு தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் ஆணையத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

ஆனால் கூரையைப் பழுது பார்த்துவிட்டு வழக்குக்கு வராதீர்கள். மடிந்து டிக்கிக்குள் இறங்கும் உலோகக் கூரை என்றால் எண்ணெய் அழுத்தக் குழாய்கள், மோட்டார், உணரிகள் என்று பல பாகங்கள் இருக்கும். பழைய வண்டியில் இவை தேய்மானத்தாலும் நிற்கும். ‘பத்து வயதைத் தாண்டிய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்பதுதான் டீலர் தரப்பின் முதல் வாதமாக இருக்கும். அதை முறியடிக்க வேண்டுமானால், பின்பக்கம் அடிபட்டதால் வண்டியின் சட்டகம் வளைந்து, அதனால் கூரை சிக்குகிறது என்பதை விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, படங்களுடன் எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கையும் ‘விபத்தில்லாத வண்டி’ என்ற வாட்ஸ்அப் செய்தியும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

அந்த 3 லட்சம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தண்டத் தொகை வாங்கியவர்மீது விழும். ஆனால் நீங்கள் கொடுத்ததை நிரூபித்தாக வேண்டும். அன்றைய வங்கி எடுப்பு, 21 லட்சம் என்று விலை பேசிய செய்தி, உடன் வந்தவர் யார் என்று எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

சுங்கத்துறை பற்றி நண்பர் சொல்வதில் பாதி உண்மை. வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் தனியாகக் கொண்டுவந்து, ஆவணத்தில் பொய் சொல்லி வரி ஏய்த்த கார்கள் சிக்கியிருக்கின்றன. அப்படி வந்த ஒரு போர்ஷே காரைப் பின்னால் வாங்கியவரிடம் வரி கேட்ட வழக்கில், அவர் இறக்குமதியாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் கார் இங்குள்ள ஷோரூமில் புதிதாக விற்கப்பட்டதா என்பதை முதல் உரிமையாளரின் பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேரில் போகும்போது அதன் நகலையும் கேளுங்கள். 2028-ல் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் அது தேவைப்படும். இறக்குமதி வாகனம் என்று பதிவாகியிருந்தால் அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 40,000 ரூபாய்.

மகளை மடியில் வைத்துப் போவது கூடவே கூடாது. இரண்டு பேருக்கென்று பதிவான வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 194-பி பிரிவின்படி அபராதம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் மோதினால் மடியில் இருக்கும் பிள்ளை காற்றுப்பைக்கும் உங்கள் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். மூவரும் போகும் நாளில் வீட்டில் உள்ள மற்றொரு காரை எடுங்கள்.