ஒரே கிளாஸ்ல அஞ்சு கலாம்!

கேள்வி: அக்கா, நான் கும்பகோணம் பக்கத்துல ஏழாம் கிளாஸ் டீச்சர். பசங்களே நடத்துற மாதிரி கிளாஸ்லயே ஒரு நாள் மியூசியம் போடலாம்னு இருக்கேன், நம்மளை உசுப்பிவிட்ட பெரியவங்க பத்தி. பேர் குடுங்கடான்னா 34 பேர்ல அஞ்சு பேர் அப்துல் கலாம். அதோட போன வருஷ எக்ஸிபிஷன்ல எல்லா சார்ட்டும் அப்பா அம்மா கைவேலை. எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: அஞ்சு கலாமும் இருக்கட்டும் டீச்சர், யாரையும் மாத்தச் சொல்லாதீங்க, அப்படிச் சொன்னா அன்னைக்கே அந்தப் புள்ளைக்கு ஆசை விட்டுப்போயிடும். ஒரே கண்டிஷன், ஆளுக்கு அவரோட வாழ்க்கையில ஒரு நாள், ஒரு பொருள். ஒருத்தன் நியூஸ்பேப்பர் கட்டு கொண்டு வரட்டும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காது, ஓடுற ரயில்லருந்து வீசுற பேப்பர் கட்டை எடுத்து வீடு வீடா போட்ட பையன்தானே அவர். இன்னொருத்தி 1979 ஆகஸ்ட்ல எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்த நாளை எடுக்கட்டும், ஜெயிச்ச 1980 ஜூலையை விட இதைக் கேக்கத்தான் கூட்டம் நிக்கும் பாருங்க. மூணாவது ஆளுக்கு ஒரு தராசு போதும். போலியோ பாதிச்ச குழந்தைங்க மூணு கிலோவுக்கு மேல இருந்த காலிப்பரை (நடக்கறதுக்காகக் கால்ல மாட்டற தாங்கி) மாட்டிக்கிட்டு நடந்தாங்க, கலாமோட டீம் அதை 300 கிராம் அளவுக்குக் கொண்டு வந்தாங்க. பார்க்க வர்றவங்க கால்ல மூணு கிலோ அரிசிப் பையைக் கட்டி நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க, அப்புறம் ஒருத்தரும் லேபிளைப் படிக்கவே வேணாம்.

உங்க ஊருக்கு ராமானுஜன் இல்லாம எப்படி? சாரங்கபாணி சன்னதி தெருவுல அவர் வீடு இருக்கு, ஒரு சாயங்காலம் பசங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. பேப்பர் வாங்க காசில்லாம சிலேட்டுல கணக்குப் போட்டு முழங்கையாலயே அழிச்சவர். ஒரு சிலேட்டு, ஒரு பழைய கவர், அதுல 1913 ஜனவரி 16ன்னு தேதி போட்டு கேம்பிரிட்ஜ் கணக்கு மேதை ஹார்டிக்கு ஒரு லெட்டர், ஸ்டால் ரெடி. அதே ஊர் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்த, ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிப் புத்தகமாக்கின உ.வே.சா-வை ஒருத்தரும் கேக்கலைன்னா மட்டும் லேசா காதுல போடுங்க, பனையோலை கிடைக்கறதும் அங்க கஷ்டமில்ல.

அப்பா அம்மா விஷயத்துக்கு என் வழி கொஞ்சம் கறார்தான். வீட்டுலருந்து பொருள் மட்டும்தான் வரணும், எழுதறது ஒட்டறது எல்லாம் கிளாஸ்லயே, தெர்மாகோலுக்குத் தடா. லேபிள் நாலே வரி, 'பிறந்தார்'னு ஆரம்பிக்கக் கூடாது. எழுத்துப்பிழையைப் பக்கத்து பெஞ்ச் திருத்தட்டும், நீங்க வருஷம் மட்டும் லைப்ரரி புத்தகத்தை வெச்சு சரி பாருங்க. டிக்கெட் கிழிக்கறது, கைடு வேலை, மணி அடிக்கறது, யார் எந்த மூலைன்னு சண்டை போடறது கூட அவங்களே. முக்கியமா பாதி பேர் ஸ்டால்ல நிக்க பாதி பேர் சுத்திப் பார்க்கணும், மணி அடிச்சதும் மாத்திக்கணும், இல்லன்னா பக்கத்து ஸ்டால்ல என்ன இருந்துச்சுன்னே தெரியாம வீட்டுக்குப் போவாங்க (எனக்கு முதல் வருஷம் அப்படித்தான் ஆச்சு, ஒரு பொண்ணு அழுதே விட்டா). முந்தின நாள் ஆறாம் கிளாஸைக் கூப்பிட்டு ஒத்திகை பாருங்க, சின்னப் பசங்க கேக்கற கேள்விக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் கேக்கறதெல்லாம் சும்மா.

கேள்வி: என் பையன் மாரியப்பன் தங்கவேலுவா நிக்கறான். டிரெஸ் வாடகைக்கு எடுக்கணுமா?

பதில்: வேணாம்ங்க. சுவத்துல 1.89 மீட்டர்ல ஒரு சிவப்பு டேப் ஒட்டுங்க. 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல அவர் தாண்டி தங்கம் வாங்கின உயரம் அது. வர்ற அப்பாக்கள்ல முக்காவாசி பேருக்கு தலை டேப்புக்குக் கீழதான் நிக்கும், பையன் அதைக் காட்டிப் பேசினா போதும்.

கேள்வி: என் பேத்தி என்னையே மியூசியத்துல வைக்கப் போறாளாம், வெக்கமா இருக்கு. என்ன குடுத்து அனுப்பறது?

பதில்: நீங்க எதையும் எடுத்துக் குடுக்காதீங்க பாட்டி. பரண்லருந்து அவளே தேடி எடுக்கட்டும். எதுக்கு இதை இத்தனை வருஷம் வெச்சிருக்கீங்கன்னு கேப்பா, அப்ப மட்டும் வாயைத் தொறங்க.