சபையில் தீர்க்கதரிசன வரத்தைத் தாழ்மையோடு பயன்படுத்துவது எப்படி?

உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 'உனக்குத் தீர்க்கதரிசன வரம், அதாவது கர்த்தர் காட்டுவதைப் பிறருக்குச் சொல்லும் வரம், இருக்கிறது' என்று சபையில் நாலு பேர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், பெருமை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். போன வாரம் ஜெபத்தில் ஒரு சகோதரியின் கல்யாணத்தைப் பற்றி மனதில் ஏதோ பட்டது, அதை அவளிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தவள். தையல் வேலை செய்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் இருக்கிறேன். உங்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னார்கள். அதனால் நான் தவறிய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2010-ல் ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது. எங்கள் பக்கம் யாரும் அதற்கு முன் அப்படி ஒரு விலையைப் பார்த்ததில்லை. கரும்பு போட்டவர்கள்கூட மஞ்சளுக்கு மாறினார்கள். அடுத்த அறுவடைக்குள் விலை இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் சபையில் ஒரு அண்ணன், வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட விரலி மஞ்சளை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அம்மிணி, மஞ்சளைப் போட்டர்லாமா, இன்னங் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமா? கர்த்தர் ஏதாச்சும் காட்டுனாருன்னா சொல்லு."

அன்றைக்கு ஜெபத்தில் அவரை நினைத்தபோது 'பொறுமை' என்ற ஒரு சொல் எனக்குள் அழுத்தமாக வந்திருந்தது உண்மை. அவ்வளவுதான் வந்தது. மஞ்சளைப் பற்றி ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் கேட்டதும் இரண்டையும் நானே சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். "கர்த்தர் பொறுத்திருக்கச் சொல்றாருங்ணா" என்றேன். தூக்கிவாரிப் போடும் மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் விலை 5,000-க்கும் கீழே போனது. மூட்டையில் வண்டு விழுந்திருந்தது. வந்த விலைக்கு விற்றார். மகளின் காலேஜ் பீஸுக்கு அவர் மனைவியின், அந்த அக்காவின், நகை அடமானத்துக்குப் போனது. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்.

ஆறு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் போதகரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போனேன். "அண்ணா, கர்த்தர் சொன்னாருன்னு சொன்னது நாந்தானுங்க. அவரு சொல்லலீங்க" என்றேன். அண்ணன் "அட, விடு அம்மிணி" என்றார். அக்கா மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்: "நீ இன்னிக்கு வந்து சொல்ற. நா ஒரு வருசமா கர்த்தர்கிட்டத்தான் கோவிச்சுட்டு இருந்தேன்."

சகோதரி, 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று வாய் திறப்பதன் கனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் ஊகம் பொய்த்தால் எனக்கு அவமானம், அதோடு போகிறது. கர்த்தர் பேரைச் சேர்த்துச் சொன்னால் அந்தப் பழி அவர்மேல் போய் விழுகிறது. அந்த அக்கா ஒரு வருஷம் ஜெபிக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் மஞ்சள் விலை அல்ல, நான்.

அதற்கப்புறம் வேதத்தைத் திரும்ப எடுத்து, இந்த ஒரு விஷயத்துக்காகவே படித்தேன். அப்போஸ்தலர் 21-ல் அகபு என்ற தீர்க்கதரிசி வருகிறார். அப்போஸ்தலர் பவுலின் இடுப்புக் கச்சையை எடுத்துத் தன் கைகால்களையே கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்கு உடையவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். அதைக் கேட்டுவிட்டு, 'போக வேண்டாம்' என்று அழுது கெஞ்சியவர்கள் சுற்றி நின்றவர்கள். அன்பினால்தான் கெஞ்சினார்கள். ஆனால் பவுல் போக வேண்டியிருந்தது, போனார். காட்டப்பட்டது ஒன்று, அதற்கு நாம் சொல்லும் அர்த்தம் இன்னொன்று, அதைக் கேட்டு என்ன செய்வது என்பது மூன்றாவது. அகபு முதலாவதோடு நின்றார். நான் மூன்றையும் ஒரே மூச்சில், அதுவும் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தேன்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கொங்கு நாட்டில் வாக்குக் கேட்பது யாருக்கும் புதிதில்லை. பெண் பார்க்கப் போகும் முன், கிணறு வெட்டும் முன், பூப்போட்டுப் பார்த்துத்தான் எதையும் தொடங்குவார்கள். விடிகாலையில் குடுகுடுப்பைக்காரர் வந்து நல்ல காலம் பிறக்குது என்பார். அப்படி வளர்ந்தவர்கள்தான் நாமும், நம் சபைக்கு வருகிறவர்களும். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் காது அதே காதுதான். நீங்கள் தீர்க்கதரிசனம் என்று நினைத்துச் சொல்வது அவர்களுக்குக் குறியாகத்தான் கேட்கும். பையனுக்கு வேலை எப்போது, தறி வாங்கலாமா, போர் போட்டால் தண்ணி வருமா என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கிற கஷ்டம் நிஜமானது. ஆனால் பதில் சொல்லப் பழகிவிட்டால் நாம் குறி சொல்கிறவர்களாகிவிடுவோம்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை அதில் வைப்பார்கள். கனவு கண்டேன் என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் பெட்டிக்குள் போகும். அது நம் விசுவாசம் இல்லை. ஆனாலும் தனி ஒருவரின் கனவை அப்படியே நடைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. நம் கூட்டங்களில் மைக் பிடித்தவர் சொன்னதை யாரும் சோதிக்காமல் ஆமென் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதில் ஒழுங்கு தெளிவாக இருக்கிறது. "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" (1 கொரிந்தியர் 14:29). அடுத்த வசனத்தில், உட்கார்ந்திருக்கிற இன்னொருவருக்கு ஏதாவது வெளிப்படுத்தப்பட்டால் முதலில் பேசியவர் நிறுத்த வேண்டும் என்கிறார். நம்மால் நிறுத்த முடியும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். 'ஆவியானவர் வந்துவிட்டார், என்னால் அடக்க முடியவில்லை' என்ற பேச்சுக்கு 32-ம் வசனமே பதில்: தீர்க்கதரிசிகளின் ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன. அவ்வளவு பெரிய அப்போஸ்தலர் 'நாம் தீர்க்கதரிசனம் சொல்லுவதும் குறைவுள்ளது' என்று தன்னையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார், 13-ம் அதிகாரத்தில்.

எனக்கு ரொம்பப் பிடித்த தீர்க்கதரிசி நாத்தான். தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டதும், 'உம்முடைய இருதயத்தில் உள்ளதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார்' என்று சொல்லிவிடுகிறார். நல்ல காரியம்தானே, யோசிக்க என்ன இருக்கிறது? அன்று ராத்திரியே கர்த்தர் வேறு விதமாகச் சொல்கிறார். நாத்தான் திரும்பிப் போய் ராஜாவின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார் (2 சாமுவேல் 7). நேற்றுச் சொன்னதைக் காப்பாற்ற எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. எனக்கு ஆறு மாதம் ஆன வேலை அவருக்கு ஒரு ராத்திரியில் முடிந்தது.

திரும்பிப் போக வழியில்லாதபடி பேசிவிடுவதும் நடந்திருக்கிறது. பக்கத்துத் திருவிதாங்கூரில் 19-ம் நூற்றாண்டில் ஜஸ்டஸ் ஜோசப் என்று ஒருவர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கன் போதகரானவர். அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். எழுப்புதல் என்கிற பக்தி எழுச்சியின் நடுவே அவரும் அவரோடு இருந்தவர்களும் 1881-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று குறித்துச் சொன்னார்கள். அந்த வருஷம் வந்து, கடந்தும் போனது. அவர்கள் உண்மை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்தியும் உபவாசமும் கண்ணீரும் இருந்தும் ஒருவர் இப்படித் தவற முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சரி, நடைமுறையில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். மனதில் பட்டதைத் தேதி போட்டு, பட்டது பட்டபடி எழுதுவேன். 'பொறுமை' என்று வந்தால் 'பொறுமை' என்று மட்டும். அர்த்தம் என்று நான் நினைப்பதை எதிர்ப்பக்கத்தில் தனியாக எழுதுவேன். பல வாரங்களில் இடது பக்கம் ஒரு வரியும் வலது பக்கம் பத்து வரியும் இருக்கும். அதைப் பார்த்தாலே என் மனசு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் காத்திருப்பேன். எரேமியாவிடம் ஜனங்கள் அவசரமாக வழி கேட்டு வந்தபோது, கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வரப் பத்து நாள் ஆனது (எரேமியா 42). அந்தப் பத்து நாளும் அவர் சும்மா எதையாவது சொல்லி அனுப்பவில்லை.

காத்திருந்த பிறகும் அந்தப் பாரம் இறங்காவிட்டால் போதகரிடமும் இன்னொரு மூத்த விசுவாசியிடமும் சொல்வேன். அந்த மூத்த விசுவாசி அதே அண்ணன்தான். என்னால் நஷ்டப்பட்டவர் என்பதால் நானே அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் முகத்துக்காக ஆமென் சொல்ல மாட்டார். "இதுல நீ பார்த்தது எவ்வளவு, நெனச்சது எவ்வளவு?" என்று கேட்பார். வேண்டாம் என்று இருவரும் சொன்னால் அதோடு விட்டுவிடுவேன். முதல் இரண்டு மூன்று தடவை வலித்தது. அந்தச் செய்தி உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கர்த்தரின் சித்தமானால், என் வாயை மட்டும் நம்பி அவர் இல்லை.

சொல்லும்போதும் 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று ஆரம்பிப்பதில்லை. 'ஜெபிக்கும்போது எனக்கு இப்படித் தோன்றியது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்' என்பேன். இப்படிச் சொன்னால் வல்லமை குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கர்த்தருடைய வார்த்தையாக இருந்தால் என் குரலின் சத்தம் அதற்குத் தேவையில்லை.

காணிக்கை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டிடாக்கே என்ற ஆதிச் சபையின் சிறிய கையேடு ஒன்று உண்டு. அதன் கைப்பிரதி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி எனக்குப் பணம் கொடு என்பவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதப்பட்ட மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதே என்று அதில் இருக்கிறது. ஆவியில் பந்தி போடச் சொன்னவர் தானே அதில் சாப்பிடக் கூடாதாம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்து ஜெபித்தவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள், காய்கறியோ கவரோ கையில் திணிப்பார்கள். காபி குடிப்பேன். கவர் வாங்க மாட்டேன். வாங்க ஆரம்பித்தால், கொடுக்கிற வீட்டில் கண்டிப்பான வார்த்தை சொல்ல வாய் வராது.

இவ்வளவும் படித்துவிட்டு, இந்த வரமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் பவுல். அந்தச் சாளைக்குப் போய்வந்த பிறகு இரண்டு வருஷம் நான் வாயே திறக்கவில்லை. அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் அது. ஒருநாள் பின் வரிசையில் புதிதாக வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்தபோது 'அந்தக் குழந்தையை நான் மறக்கவில்லை' என்ற வரி மட்டும் வந்தது. போதகரிடம் கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொன்னேன். அவள் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஏழு மாதத்தில் போன குழந்தையைப் பற்றி ஊரில் யாரிடமும் பேசியதில்லையாம். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று பவுல் மூன்றைச் சொல்கிறாரே, அதில் ஆறுதல் என்றால் என்ன என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட கல்யாண விஷயம். அந்தச் சகோதரியிடம் சொல்ல வேண்டாம். வரன், பிள்ளைப்பேறு, வியாதி, வியாபாரம் இவற்றில் இன்னார், இன்ன தேதி என்று நான் சொல்வதே இல்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரு பெண் வரனை வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தால், நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் வாயை அடைத்துக்கொள்வாள். அவள் வீட்டிலும் அதைச் சொல்லியே அவளை மடக்குவார்கள். மனதில் பட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அவளுக்காகத் தினமும் ஜெபியுங்கள். போதகரும் அவர் மனைவியும் இருக்கும்போது அவர்களிடம் மட்டும் ஒரு தடவை சொல்லுங்கள். அவளாக உங்களிடம் வந்து பேசினால், முதலில் அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள்.